ஏழாம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்

எங்கள் ஊரில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அதற்கு மேல் ஒன்று கட்ட அனுமதி இல்லை. அதில் ஒன்று காலியாகவும் அனுமதி இல்லை. தெரு ஒன்றே ஒன்று, அதனால் அதற்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. ஆட்களுக்கும் வீட்டு நம்பர்தான் பெயர். நான் ஆறாம் வீடு. ஊருக்குப் பொதுவான மோட்டார் என் பொறுப்பில் இருப்பதால் மோட்டார்காரர் என்றும் சொல்வார்கள். இங்கே எழுதப்போவது என் அடுத்த வீட்டு அண்ணியின் கதை. ஏழாம் வீடு. அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்பதைக் கடைசி வரை படித்தால் நீங்களே சொல்வீர்கள். ஆனால் முழுக் கதையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என்ன செய்வது.

முதலில் ஊர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். எங்கள் பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. முக்கால்வாசிப் பேர் அரசாங்கம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். பன்னிரண்டு குடும்பம் மட்டும் நிலம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அவர்களுக்காக மூன்று வருஷம் மனு எழுதி எழுதி விரல் காய்த்துப்போனவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மனுக்காரர் என்றே பெயர் நிலைத்தது. அவருடைய தொல்லை தாங்காமல்தான் மலையடிவாரத்தில் யாரும் சீண்டாத ஒரு கல்லாங்காட்டை எங்கள் தலையில் கட்டினார்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் வருஷம் முழுக்கக் கல் பொறுக்கியதுதான் விவசாயம். ஒரு நாள் பொறுக்கிய இடத்தில் மறுநாள் பார்த்தால் அதே அளவு கல் கிடக்கும். தண்ணீருக்காக மூன்று இடத்தில் துளை போட்டுப் புழுதிதான் வந்தது. நாலாவதாக ஏழாம் வீட்டுக் கொல்லையில் போட்டதில் தண்ணீர் கிடைத்தது. ஏழாம் வீடு மனுக்காரருடையது. அதன் பக்கச் சுவரை ஒட்டி மோட்டார் அறை கட்டி, பன்னிரண்டு வயலுக்கும் குழாய் இழுத்தோம். வெங்காயம், மிளகாய், மக்காச்சோளம் என்று மெல்ல மெல்லப் பச்சை தெரிய ஆரம்பித்தது.

நிலத்துக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரே ஒரு தாள். மனுக்காரர் அதை டவுனுக்கு எடுத்துப்போய், முன்னால் கண்ணாடியும் பின்னால் பலகையும் வைத்துப் பிரேம் போட்டு வந்து மோட்டார் அறையில் மாட்டினார். மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து, கீழே ஆறு நிபந்தனைகள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே அந்த ஆறையும் ஒப்பிக்கும். நிலம் பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொது, பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, தண்ணீர் பொது. ஆறாவதுதான் எங்கள் குரல்வளையில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவராவது குடியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு வீடு தொடர்ந்து முப்பது நாள் பூட்டிக் கிடந்தால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒதுக்கீடு ரத்து.

ஒருவன் தப்பு செய்தால் பன்னிரண்டு பேரும் தெருவில். இப்படி ஒரு நிபந்தனையை எழுதியவன் நிச்சயமாக ஒரு கூட்டுக் குடும்பத்தில் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவனாகத்தான் இருப்பான்.

ஆரம்பத்தில் வருஷம் ஒருமுறை அதிகாரி வந்து வீடு வீடாக ஆள் எண்ணுவார். ஒருதரம் மூன்றாம் வீட்டிலும் ஒன்பதாம் வீட்டிலும் பதினோராம் வீட்டிலும் ஆள் இல்லாத நேரத்தில் வந்து நின்றார். என் அப்பா மூன்றாம் வீட்டுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு இருமினார். அதிகாரி அங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லை வழியாக ஓடிப்போய் ஒன்பதில் படுத்து இருமினார், அப்புறம் பதினொன்றில். "உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே இருமலா இருக்கே, தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பயத்தில் ஒரு வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஏழாவது வருஷத்திலிருந்து அதிகாரி வருவது நின்றுவிட்டது. வேறு ஊராக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாங்கள் இன்னும் பயந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து அமுக்கப்போகிறார்கள், அதற்காகத்தான் வராமல் இருக்கிறார்கள் என்று மனுக்காரர் சொன்னார். மோட்டார் அறையில் பிரேமுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வந்தது. ஊரை விட்டுப் போகிறவர் வீட்டு நம்பரையும் தேதியையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். வீட்டில் ஒருவரும் மிச்சம் இல்லாமல் போனால், இருபத்தொன்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் யாராவது திரும்பியிருக்க வேண்டும். முப்பது வரை விடுவதில்லை, பஸ் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒரு நாளைக் குறைத்துக்கொண்டோம். அதுவும் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டதுதான்.

அண்ணி இந்த ஊருக்கு மனுக்காரரின் மருமகளாக வந்தார். அவருக்குப் பத்தொன்பது வயது. எனக்கு ஒரு வயது கூடுதல், ஆனாலும் முறைக்கு அண்ணி. பெரிய டவுன்காரி. அவருடைய அப்பா பஸ் நிலையத்துக்கு எதிரில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தார். பஸ் ஹாரன் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று சொல்லக்கூடியவர். டைப்ரைட்டிங் பாதி படித்திருந்தார். பேச்சை நிறுத்தி யோசிக்கும்போது மடியில் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்.

வந்த மூன்றாம் நாள் வேலி ஓரமாக நின்று என்னைக் கேட்டார். "தம்பி, இங்கிருந்து பஸ் எத்தன மணிக்கு?"

"இங்க பஸ் வராது அண்ணி. நாலு மைல் நடந்தா மெயின் ரோடு. அங்க நின்னா வரும்."

"எப்போ வரும்?"

"வரும்போது வரும்."

"நல்லா இருக்கு. உங்க அண்ணன் பொண்ணு பார்க்க வந்தப்ப ரோட்டோரம் வீடுன்னு சொன்னாரே."

"ரோட்டோரம்தான். ரோடுதான் இன்னும் வரல."

சிரித்துவிட்டார். அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

அவருக்கு விவசாயம் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்பாவின் கடையில் கற்றது கையில் இருந்தது. எங்கள் குழாய்கள் வெயிலில் வெடித்து ஆயிரம் இடத்தில் ஒழுகும். நாங்கள் கோணிக் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணி பழைய சைக்கிள் டியூபை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை தடவி, கல்லால் அழுத்தி ஒட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆறு மாதத்தில் பன்னிரண்டு வீட்டுக் குழாயும் அவர் கைக்குத்தான் போனது. "ஊரையே பஞ்சர் ஒட்டி வச்சிருக்கேன்" என்று சொல்லுவார். அது உண்மைதான்.

மகள் பிறந்தாள். அவளுக்கு நாலு வயதானபோது அண்ணியின் கணவர், என் சிநேகிதர், லாரி ஓட்டப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு மூன்று மாதம். கரும்பலகையில் அவர் எழுத வேண்டிய அவசியமே இல்லை, ஏழாம் வீட்டில்தான் பெண்டாட்டி இருக்கிறாளே. அவர் இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பமாக இருக்கிறார் என்று தெரிந்தபோது எல்லோரும் அண்ணிக்காக வருத்தப்பட்டோம். வருத்தப்பட்டுவிட்டு, நல்லவேளை அண்ணி இங்கே இருக்கிறார் என்று ஆறுதல் அடைந்தோம். மாமியார் போனார், பிறகு மனுக்காரரும் போனார். மகளைப் பன்னிரண்டு வயதில் டவுன் விடுதியில் சேர்த்தார் அண்ணி. ஏழாம் வீட்டுக் குடும்பம் என்பது அதோடு ஒரே ஆளாக ஆனது.

அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது. அந்த நாளிலிருந்து அவர் நோய் என்று படுத்தால் ஊரே கஷாயம் கொண்டுவரும். அவர் மீது உள்ள அன்பு என்று சொல்லிக்கொள்வோம். கொஞ்சம் அன்பும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வெளியூர் கிளம்பினால் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நிற்கும். "எப்போ வருவீங்க" என்றுதான் கேட்போம். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ஐந்து நாள் போய்வந்தார். எங்கள் கணக்குப்படி இன்னும் இருபத்துநாலு நாள் பாக்கி இருந்தது, ஆனாலும் எங்கள் முகங்கள் அவரைத் துரத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, நான் செத்தாக்கூட இருபத்தொம்பது நாள்ல திரும்பி வரணும் போலிருக்கே" என்று ஒருமுறை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு நிபந்தனையில இடம் இருக்கான்னு பார்க்கணும் அண்ணி."

நானும் அப்படி நக்கலாகப் பேசியவன்தான்.

மகள் படித்தாள், இரண்டு நாள் ரயில் தூரத்தில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். இருபத்தேழு வயதில் முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை, வேலை ஷிப்டு. மகள் மோட்டார் அறைப் போனில் கூப்பிட்டாள். அப்போது எங்கள் பள்ளத்தில் செல்போன் டவர் எடுக்காது, ஊருக்கெல்லாம் அந்த ஒரு போன்தான். நான் எடுத்து அண்ணியைக் கூப்பிட்டேன். குழந்தை பிறக்கும்வரை அம்மா வந்து இருக்க வேண்டும் என்று கேட்டாள். நாலு மாதம்.

மோட்டார் அறையில் கூட்டம் போட்டோம். வேறு யாராவது ஏழாம் வீட்டில் படுத்துக்கொள்ளலாமே என்று அண்ணி கேட்டார். மூன்றாம் வீட்டு டெய்லர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிரேமுக்கு முன்னால் போய் நின்று ஆறாம் நிபந்தனையைச் சத்தமாகப் படித்தார். 'அந்தந்தக் குடும்பத்தைச் சேர்ந்த.' ஒரு வார்த்தை. "உங்க மாமனார் எழுதி வாங்கினதுதானேம்மா" என்றார். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் தன் வயலில் அப்போதுதான் நட்ட வெங்காய நாற்றைப் பற்றிப் பேசினார். நான் ஒன்றும் பேசவில்லை. கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன். இருபத்தொன்பது நாள் என்று முடிவானது.

அண்ணி கரும்பலகையில் ஏழு என்று எழுதித் தேதியும் போட்டார். சுண்ணாம்புக்கட்டி உடைந்தது. மிச்சத் துண்டைப் பத்திரமாக இடுக்கில் வைத்துவிட்டுத்தான் போனார்.

இனிமேல் என் கதை. அண்ணி போய் இருபத்துநாலாம் நாள். பகல் பதினோரு மணி இருக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிரேமுக்குப் பின்னாலிருந்து சுவரில் கரையான் புற்று இறங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்பலகை அப்படியே உதிர்ந்து கையில் வந்தது. தாளையும் தின்றிருக்குமோ என்று பதறிப்போய் வெளியே எடுத்தேன். தாள் நன்றாக இருந்தது. மண்ணைத் தட்டுவதற்காகத் திருப்பினேன்.

பின்பக்கத்திலும் எழுதியிருந்தது.

ஏழாம் நிபந்தனை. மேற்கண்ட கட்டுப்பாடுகள் அனைத்தும் ஒதுக்கீட்டு நாளிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. அதன் பிறகு அந்தந்தப் பகுதி அந்தந்தக் குடும்பத்துக்கே முழு உரிமையாகச் சேரும், எந்த நிபந்தனையும் இல்லை.

நாங்கள் வந்து முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக எங்களை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. மனுக்காரர் இதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார். நேரம் வரும்போது சொல்லலாம் என்று வைத்திருந்திருப்பார், அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தோன்றவே இல்லை. தோன்றினாலும், பிரேமைக் கழற்றி அதற்குச் சேதம் வந்தால் யார் பதில் சொல்வது என்று விட்டிருப்பார்கள். நாங்கள் அப்படிப்பட்ட ஜனம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எழுந்து வாசலுக்குக் கூடப் போனேன், யாரையாவது கூப்பிடலாம் என்று. வாசலில் நின்றபோது குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. துளை ஏழாம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. நிலம் பிரிந்தால் அது அண்ணியுடையது. தண்ணீர் பொது என்ற நிபந்தனையும் முடிந்துபோன நிபந்தனைகளில் ஒன்று. அண்ணி மகளோடு அங்கேயே தங்கிவிட்டால், வீட்டை யாருக்காவது விற்றுவிட்டால், வாங்குகிறவன் எங்களுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை. என் வயலில் மிளகாய் பூ எடுத்திருந்தது.

டெய்லரின் மரப்பெட்டியிலிருந்து ஒரு ஒட்டுப்பலகை வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டார், கரையான் என்றேன். தாளை முன்புபோலவே வைத்து, புது ஆணி அடித்து மாட்டினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை மறைக்கவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

இருபத்தாறாம் நாள் மதியம் போன் அடித்தது. அண்ணி. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, வீட்டிலிருந்து பேசவில்லை, கடைத்தெருப் போனிலிருந்து பேசினார்.

"தம்பி, இவளுக்கு நேத்து மறுபடியும் ரத்தம் கண்டுச்சு. இன்னும் ஒரு பத்து நாள் இருந்துட்டு வரட்டுமா?"

நான் பிரேமைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டெய்லர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன். பத்தே நாள். அப்புறம் மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறுது."

"கணக்கு இடிக்குமே அண்ணி" என்றேன்.

"யாரு வந்து பார்க்கப்போறா தம்பி. எத்தன வருஷமாச்சு."

"வரமாட்டாங்கன்னு நெனச்சுதான் எல்லாரும் மாட்டுவாங்க. நீங்க கிளம்பி வந்துடுங்க. வந்துட்டு, நாலு நாள் இருந்துட்டு மறுபடி போங்க."

நாலு நாள் ரயிலில் போய் வர வேண்டிய தூரத்துக்கு நான் சொன்ன யோசனை அது. "சரி" என்றார். மறுநாள் கிளம்பி, இருபத்தொன்பதாம் நாள் மாலையில் நாலு மைல் நடந்து வந்து சேர்ந்தார். வாசல்களில் எல்லோரும் நின்றோம். டெய்லர் தானே கரும்பலகையைத் துடைத்தார்.

ஐந்தாம் நாள் அண்ணி மறுபடி கிளம்புவதற்காகப் பையை எடுத்து வைத்திருந்தார். அன்று காலையில் போன் வந்தது. மகள் தனியாக இருந்தபோது குளியலறையில் விழுந்திருக்கிறாள். குழந்தை இல்லை. இனிமேலும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணி போனார். பதினைந்தாம் நாளே திரும்பி வந்துவிட்டார். மகள் அவரிடம் சரியாகப் பேசவில்லை என்று என் மனைவி வழியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். வீட்டு வேலை, வயல் வேலை, குழாய்க்கு ஒட்டுப் போடுவது எல்லாம் நடந்தது. கேலிப் பேச்சு மட்டும் நின்றுபோனது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மகள் போன் செய்வாள், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சுடட்டுமா. நான் தினம் அந்தப் பிரேமுக்கு எதிரில் உட்கார்ந்து மோட்டார் ஓட்டினேன். முதல் வருஷம் சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன். மூன்றாம் வருஷம் சொல்லியிருந்தால் ஊரை விட்டுத் தள்ளி வைத்திருப்பார்கள். ஐந்தாம் வருஷத்துக்கு அப்புறம் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்கே புரியாமல் போனது. ஏழாம் வீட்டில் அவர் அடைந்து கிடந்தார் என்றால், அதே சுவரின் இந்தப் பக்கம் நான் அடைந்து கிடந்தேன். அவருக்காவது தன் மேல் தப்பு இல்லை.

போன மாதம் உயர் மின்கம்பி போடுவதற்கு நிலம் அளக்க ஒரு சர்வேயர் வந்தார். பன்னிரண்டு தனித்தனித் தாளை மேஜையில் பரப்பி, ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நிலம் பொதுவாச்சே என்றோம். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இருபத்தோரு வருஷமா தனித்தனியா உங்க பேர்லதாங்க இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

டெய்லர் நம்பவில்லை. பிரேமைக் காட்டினார். சர்வேயர் பேனாக்கத்தியால் ஆணியை நெம்பித் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினார். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் சிரித்தார். டெய்லர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார். அவருடைய தம்பி வெளியூர் வேலைக்குப் போகாமல் இங்கேயே குடித்து அழிந்தவன். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஏதாவது ஒன்று இருந்தது. அண்ணி மட்டும் தாளைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மோட்டார் அறைக்கு வந்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"அந்தப் பலகை மாமா போட்டது இல்ல."

"இல்ல அண்ணி. அத கரையான் அரிச்சிடுச்சு. நான்தான் மாத்தினேன்."

"எப்போ?"

போன வருஷம் என்று சொல்லியிருக்கலாம். டெய்லருக்கு வயதாகிவிட்டது, எந்த வருஷம் பலகை கொடுத்தோம் என்று அவருக்கு நினைவிருக்காது. வாய் வரை வந்தது.

"நீங்க மகள் வீட்டுக்குப் போயிருந்தப்போ."

"முதல் தடவையா, ரெண்டாம் தடவையா?"

"முதல் தடவ."

மடியில் அவர் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. "நான் போன் பண்ணினேனே தம்பி. அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மோட்டாரைக் காட்டி, "அத நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன்.

"எனக்கு வேற வழி இல்லன்னு நெனச்சுட்டுதான் ஒம்பது வருஷமா உசுரோட இருந்தேன்" என்றார். "அவ முகத்தப் பார்க்க முடியாம இருந்தப்போகூட, நான் என்ன செய்ய, பன்னெண்டு குடும்பம்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். இப்போ அதுவும் இல்லாம பண்ணிட்டீங்க."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். இப்போது எங்கள் பள்ளத்திலும் டவர் எடுக்கிறது.

"இத அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது. நீங்க சொல்லுங்க."

நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். நாலைந்து முறை அடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"சொல்லும்மா. வேலைல இருக்கேன்."

"அம்மா இல்லம்மா. ஆறாம் வீட்டுச் சித்தப்பா பேசறேன்."

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" அவள் குரல் மாறியது. பக்கத்தில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றேன். பிறகு சொன்னேன். தாளைப் பற்றி, பின்பக்கத்தைப் பற்றி, எந்த நாள் பார்த்தேன் என்பதைப் பற்றி, மிளகாயைப் பற்றிக்கூட. அவள் குறுக்கே பேசவில்லை. இருக்கிறாளா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். கடைசியில், "அம்மா போன் பண்ணி இன்னும் பத்து நாள் கேட்டப்போ நான்தாம்மா வரச் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன கேட்டாங்க?"

"இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரட்டுமான்னு."

"எப்போ?"

"கிளம்பறதுக்கு முந்தின நாள். கடைத்தெருவுல இருந்து பேசினாங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கொத்தமல்லி வாங்கிட்டு வரேன்னு போனாங்க" என்றாள் மெதுவாக. "வந்தாங்க. வந்து பை கட்டினாங்க. ஒரு வார்த்த சொல்லல. அம்மாவா கிளம்பினாங்கன்னு நெனச்சேன் சித்தப்பா. இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சேன். கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா. டெய்லர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு கெஞ்சினாங்க. யாரு வந்து பார்க்கப்போறான்னு கேட்டாங்க. நான்தான் விடல."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்காக ஒரு வசவைக்கூட அவள் செலவழிக்கவில்லை. "அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

போனைக் கொடுத்தேன். அண்ணி காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "உங்கிட்ட சொன்னா நீ ரயிலுக்கு விடமாட்டேன்னு பயந்துட்டேன்டி" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் அவர் கிளம்பினார். இந்த முறை எதிலும் எதுவும் எழுதவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. டெய்லர் கொல்லைத் துளையைப் பற்றி இழுத்தபோது, "தண்ணிய எடுத்துக்குங்க, நான் எங்க கொண்டுபோகப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டைப் பூட்டவும் இல்லை, சாவியை என்னிடம் கொடுக்கவும் இல்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பூட்டியிருந்தால் பரவாயில்லை. மோட்டார் போடுவதற்குத் தினமும் காலையில் அந்தக் கொல்லை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயலுக்கும் தண்ணீர் பாய்கிறது, என் மிளகாய்க்கும் சேர்த்து. ஊரில் மூன்று வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் எங்கள் மகனோடு நாமும் போய் இருக்கலாமே என்று மனைவி சொல்கிறாள். மோட்டாரை யார் பார்ப்பது என்று அவளிடம் கேட்டேன்.